முளைப்பாரி விதைச் சோதனையா? – கடிதம்

வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். பெங்களூரில் வேலை. பங்குனியில் ஊரில் அம்மன் கோயில் பொங்கல். எனக்கு வேலை கிடைத்தால் முளைப்பாரி எடுப்பதாக அம்மா நேர்ந்திருந்தாராம். முழங்கால் வலியோடு இந்த வருடம் எடுக்கிறார். மழைக்கு வானிலை அறிக்கை, நோய்க்கு மருத்துவமனை என்று ஆன பிறகும் மக்கள் ஏன் சாமி கும்பிடுகிறார்கள்? பயம்தானே? முளைப்பாரியையாவது, விதை நன்றாக முளைக்குமா என்று விதைப்புக்கு முன் பார்க்கும் முன்னோர்களின் விதைச் சோதனை என்று ஏற்றுக்கொள்ளலாம் என நினைக்கிறேன். சரிதானா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பயம்தான் காரணம் என்றால், உங்களுக்கு வேலை கிடைத்த அன்றே அம்மாவின் பயம் தீர்ந்திருக்கும். அதன் பிறகுதான் அவர் பாரி எடுக்கிறார். சாமி குத்தம் ஆகிவிடும் என்ற அச்சமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அச்சத்துக்குச் செய்கிறவர் ஏனோதானோவென்று முடித்துவிடுவார். முளை அப்படி வளராது. வானிலை, மருத்துவமனை வாதத்தை விடுங்கள். வேண்டிக்கொள்கிறவர்களும் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள்தான்.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் கடைசி வரியில். இந்த விதைச் சோதனைக் கதையைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அம்மா செய்வதை அப்படியே மதிக்க உங்களுக்கு மனம் வரவில்லை. அதற்கு அறிவியல் என்று பேர் வைத்தால்தான் மதிப்பீர்களா?

விதையைச் சோதிக்க இவ்வளவு பாடு தேவையே இல்லை. நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் பரப்பி, சுருட்டி நிழலில் வைத்தால் பாசிப்பயறு சில நாளில் சொல்லிவிடும். சான்று விதைக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்பு பாசிப்பயறுக்கு 75 சதவீதம், நெல்லுக்கு 80. முளைப்பாரியில் யார் எண்ணுகிறார்கள்? பாசி, தட்டாம்பயறு, மொச்சை, சோளம் எல்லாவற்றையும் கலந்து தூவுகிறார்கள். அதுவும் உங்கள் ஊரில் பங்குனியில். மானாவாரி விதைப்போ புரட்டாசி, ஐப்பசியில். நடுவே கோடை முழுதும் குதிரிலோ மூட்டையிலோ கிடக்கும் பயறை வண்டு துளைக்கும், வெக்கையில் முளைப்புத்திறன் இறங்கும். பங்குனியில் பார்த்த முளைப்பை நம்பி ஐப்பசியில் எந்தச் சம்சாரியும், அதாவது விவசாயியும், விதைக்க மாட்டார்.

முளை வளர்க்கும் முறையையே பாருங்கள். சட்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் சலித்த கண்மாய்க் கரம்பை மண்ணும் காய்ந்த ஆட்டுப்புழுக்கைத் தூளும் போட்டு, ஊறவைத்த முத்தை, அதாவது விதைப் பயறைத் தூவி, இருட்டறையில் வைக்கிறார்கள். வெளிச்சம் இல்லாமல் பச்சையம் உண்டாகாது. விதைக்குள் இருக்கும் சத்தைத் தின்றே தண்டு நீளும். அதனால்தான் ஒரு சாணைத் தாண்டி வெளிர் மஞ்சளாக நிற்கிறது. ஓட்டு இடுக்கில் வெளிச்சம் விழுந்தால் அந்தச் சட்டி பச்சை ஏறிக் குட்டையாகும், முளை ஒரு பக்கம் சாயும். விதையின் வீரியத்தைப் பார்க்க நினைப்பவர் இப்படி இருட்டில் வெளுக்க வைப்பாரா? அது அம்மனுக்காக, அழகுக்காக வளர்ப்பது.

அதற்குள் இருக்கும் கைப்பக்குவம் பெரிது. தண்ணீரைக் கையால் தெளிக்க வேண்டும். ஊற்றினால் அடியில் தங்கி வேர் அழுகி வாடை வரும். முத்தை நெருக்கிப் போட்டால் சூடு ஏறிப் பூஞ்சை பிடிக்கும். மொச்சைக்குத் தோல் தடிப்பு; அதைத் தனியாக ராத்திரி முழுதும் ஊறவைக்காவிட்டால் பாசி எழுந்து நிற்கும்போது இது மண்ணுக்குள்ளேயே கிடக்கும். முளை வளர்க்கும் மூதாட்டிக்கு இதெல்லாம் அத்துபடி. ஒரு சட்டி சுணங்கினால் தண்ணீர் கூடிவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிறார், அம்மனிடமும் முறையிடுகிறார். இரண்டும் அவருக்கு ஒரே வேலை. நமக்குத்தான் இரண்டாகத் தெரிகிறது.

மக்கள் இன்றும் ஏன் கும்பிடுகிறார்கள் என்று கேட்டீர்கள். நீங்கள் நேர்காணலுக்குப் போனபோது உங்கள் அம்மா என்ன செய்திருக்க முடியும்? கணினி தெரியாது, ஊர் தெரியாது, சிபாரிசுக்கு ஆள் கிடையாது. மகனின் வாழ்க்கையில் முக்கியமான நாளன்று அவர் கைக்கு ஒரு வேலையும் இல்லை. நேர்ந்துகொண்டதும் வேலை வந்துவிட்டது: காப்புக் கட்டி, விரதம் இருந்து, கும்மி கொட்டி, கடைசியில் ஊரே பார்க்கத் தலையில் சுமந்துபோய்க் கண்மாயில் கரைப்பது. சாமி இருக்கிறதா என்று முடிவு கட்டிவிட்டு அவர் இதில் இறங்கவில்லை. செய்யச் செய்யத்தான் சாமி அவருக்குக் கிட்டத்தில் வருகிறது. இதைப் பயம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

ஊருக்குப் போங்கள். முளை வீட்டுக்குள் பெரும்பாலும் ஆண்களை விடமாட்டார்கள். வெளியே வேலை நிறைய இருக்கிறது. கடைப் பயறு வேண்டாம், எத்தனை நாள் கிடந்ததோ, என்ன மருந்து பட்டதோ. இந்த வருடம் அறுத்த சம்சாரியிடம் கேட்டு வாங்கி, உடைசலையும் வண்டு துளைத்ததையும் பொறுக்கி எடுங்கள். கரம்பை அள்ளுவதும் கட்டி உடைத்துச் சலிப்பதும் முழங்கால் வலிக்காரர் செய்கிற வேலை இல்லை. செவ்வாய்க்கிழமை முத்துப் போடுவதென்றால் சனிக்கிழமையே போய்விடுங்கள். மண் காய ஒரு நாளாவது வேண்டும்.