மீனும் சிப்ஸும் – கடிதம்

அன்புள்ள சார்,

இங்கிலாந்தின் லீட்ஸுக்குப் படிக்க வந்து ஐந்து மாதம் ஆகிறது. நீங்கள் இந்த ஊரில் இருந்த நாட்களைப் பற்றி எழுதியபோது மீனும் சிப்ஸும் விற்கும் கடைகளை அவ்வளவு புகழ்ந்திருந்தீர்கள். அதை நம்பிப் போன வாரம் ஒரு கடையில் வாங்கினேன். பத்து பவுண்டுக்கு மேல் ஆனது. பொட்டலத்தைப் பையில் வைத்து, பஸ் பிடித்து அறைக்கு வந்து பிரித்தால் மேல்மாவு சொதசொதவென்று கழன்று வருகிறது, உருளைக்கிழங்கு நமத்துவிட்டது, மீனில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. தூத்துக்குடிக்காரனான எனக்கு இது மீன் சாப்பாடாகவே படவில்லை. ருசி தெரியாதவர்களின் சாப்பாடு என்று சொன்னால் என்ன தவறு? இன்னொன்று, எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. இங்கே மாட்டுக்கொழுப்பில் பொரிப்பார்கள் என்று அறை நண்பன் பிறகு சொல்கிறான். நிஜமா?

ஒரு வாசகர், லீட்ஸ்

அன்புள்ள தம்பி,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் முக்கியம். நிஜம்தான். லண்டன் பக்கம் பெரும்பாலும் தாவர எண்ணெயில் பொரிப்பார்கள். லீட்ஸ் இருக்கும் யார்க்ஷயரில் பழைய வழக்கம் மாட்டுக்கொழுப்பு, டிரிப்பிங் என்பார்கள். அதில் பொரித்தால்தான் மொறுமொறுப்பு என்று அந்த ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். மீன் மட்டுமல்ல, சிப்ஸும் அதே கொழுப்பில்தான், ஆகவே மீனை விட்டுவிட்டு உருளைக்கிழங்கு மட்டும் சாப்பிடும் சைவக்காரர்களும் கேட்டுக்கொண்டுதான் வாங்க வேண்டும். "டிரிப்பிங்கா, எண்ணெயா?" என்று கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் லீட்ஸில் உண்டு. இதை நான் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். விட்டது என் தவறு, மன்னித்துவிடுங்கள்.

இப்போது ருசிக்கு வருகிறேன். நீங்கள் அதை வஞ்சிர வறுவலோடு ஒப்பிட்டுவிட்டீர்கள். நம் வறுவலில் மசாலா மீனுக்குள் இறங்க வேண்டும், கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திருப்பித் திருப்பிப் போட்டு அந்த மசாலா கருகும் விளிம்பில் எடுப்பதுதான் கைப்பக்குவம். இது வேறு ஜாதிப் பலகாரம். இதற்குச் சொந்தம் தேட வேண்டுமானால் பஜ்ஜியிடம் போக வேண்டும். வாழைக்காய்க்குள் மசாலா இல்லையே என்று பஜ்ஜியை யாராவது குறை சொல்வார்களா? பஜ்ஜியை வாங்கி, மூடிக் கட்டி, பஸ்ஸில் அரை மணி நேரம் கொண்டுபோய்ப் பிரித்துவிட்டுக் கடைக்காரரைத் திட்டுவோமா?

உள்ளே நடப்பது இதுதான். முள் எடுத்த ஹேடக் மீன் துண்டு மாவில் தோய்ந்து, ஏறத்தாழ 180 டிகிரி சூட்டில் இறங்கியதும் மாவு இறுகி ஓடாகிவிடுகிறது. மீனில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி அந்த ஓட்டுக்குள் மீனை வேகவைக்கிறது. அதாவது வெளியே பொரியல், உள்ளே அவியல். அதனால்தான் சதை இதழ் இதழாகப் பிரிந்து வருகிறது. எண்ணெயை விட்டு எடுத்த பிறகும் அந்த ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும். காகிதத்தில் இறுக்கிச் சுற்றிவிட்டால் போக வழியில்லாமல் மாவிலேயே இறங்கிவிடும். உங்கள் பொட்டலத்துக்கு நடந்தது அவ்வளவுதான்.

நான் வழக்கமாகப் போன கடையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசல் வரை வரிசை நிற்கும். பொரிப்பவர் ஒரு அம்மா. மீனை வால்பக்கம் பிடித்து மாவில் முக்கி, சட்டியின் விளிம்பில் ஒரு தடவை வழித்து, உடனே கையை விட மாட்டார். பாதி மீனை எண்ணெயில் வைத்து முன்னும் பின்னும் அலசுவதுபோல இரண்டு மூன்று தடவை ஆட்டி, அது தானாக மிதக்கும் என்று தெரிந்த பிறகுதான் விடுவார். இல்லாவிட்டால் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். கரண்டி கிடையாது, விரல்தான். அப்புறம் சிப்ஸை அள்ளிப் போட்டு, "சால்ட் அண்ட் வினிகர், லவ்?" என்பார். அந்த ஊரில் எல்லோரையும் அப்படித்தான் அழைப்பார்கள், எனக்கு முதல் தடவை கேட்டபோது கண் கலங்கிவிட்டது, வீட்டை விட்டு வந்த புதிது.

உப்பு இல்லை என்கிறீர்கள். அந்தக் கேள்விக்குத் தலையாட்டாமல் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உப்பும் புளிப்பும் அங்கே மேலே விழுவது, உள்ளே சேர்ப்பதல்ல. வினிகர் சூட்டில் பட்டு எழும் வாசனைதான் பாதிச் சாப்பாடு. (பல கடைகளில் ஊற்றுவது உண்மையில் வினிகரே அல்ல, அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து நிறம் சேர்த்தது. பார்லியில் செய்த மால்ட் வினிகர் வைத்திருக்கும் கடையாகப் பாருங்கள்.) கூடவே மஷ்ஷி பீஸ் வாங்குங்கள். காய்ந்த பட்டாணியைச் சோடா உப்புப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்துக் குழைய வேகவைத்தது. கடற்கரைச் சுண்டல் தின்று வளர்ந்தவருக்கு அது அந்நியமாகத் தெரியாது.

ருசி தெரியாதவர்கள் என்ற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை தம்பி. மாவில் தோய்த்துப் பொரித்த மீனை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் துரத்தப்பட்ட யூதர்கள். அவர்களுடைய ஓய்வுநாளான சபாத் அன்று, அதாவது சனிக்கிழமை, அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் வெள்ளிக்கிழமையே பொரித்து வைத்து மறுநாள் ஆறியதைச் சாப்பிட்டார்கள். 1860 வாக்கில் கிழக்கு லண்டனில் மீனையும் சிப்ஸையும் சேர்த்து விற்றதாகச் சொல்லப்படும் ஜோசப் மாலின் என்பவரும் குடியேறி வந்த யூதர்தான். லங்காஷயர்க்காரர்கள் தங்கள் மாஸ்லி ஊரின் ஜான் லீஸ்தான் முதல் என்பார்கள், அந்தச் சண்டை தீராது. கிரிம்ஸ்பி, ஹல் துறைமுகங்களில் இறங்கிய மீனை ரயில் உள்நாட்டு ஆலை நகரங்களுக்குக் கொண்டுவந்தது. பகல் முழுக்க ஆலையில் நின்றுவிட்டு வந்த பெண்கள் ராத்திரி அடுப்பு மூட்டாமல் பிள்ளைகளுக்குச் சூடான சாப்பாடு கொடுக்க முடிந்தது இந்தக் கடைகளால்தான். இரண்டாம் உலகப்போரில் இறைச்சியும் வெண்ணெயும் சர்க்கரையும் ரேஷனில் அளந்து கொடுத்த அரசு, மீனையும் உருளைக்கிழங்கையும் ரேஷனில் சேர்க்கவில்லை. அத்தனை பேரின் வயிற்றுக்கு உதவிய சாப்பாட்டை ஒரு நமத்துப்போன பொட்டலத்தை வைத்து ஒதுக்காதீர்கள்.

இன்னொரு தடவை போங்கள், வெள்ளிக்கிழமை கூட்ட நேரத்தில். அப்போதுதான் மீன் கண்ணாடிப் பெட்டியில் காத்துக்கிடக்காது. எண்ணெயைப் பற்றிக் கேளுங்கள். காட் மீன் வேண்டாம், ஹேடக் கேளுங்கள். கடைசியில் "ஓப்பன் ஆர் ராப்ட்?" என்பார்கள். பிரித்துத் தரவா, சுற்றித் தரவா என்று அர்த்தம். போன தடவை ராப்ட் என்று சொல்லியிருப்பீர்கள். இந்தத் தடவை ஓப்பன் என்று சொல்லி, கடை வாசலிலேயே நின்று சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.