கோவையை அடுத்த பேரூரில் வீடு வாங்க நினைப்போரின் கேள்விகள்

கேள்வி: பட்டீசுவரர் கோயிலுக்கு நடந்துபோகும் தொலைவில், நொய்யல் பக்கமாக ஒரு சைட் விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: ஆனி மாதத்தில் நாற்று நடவுத் திருவிழா காணும் கோயில் அது. சுற்றியுள்ள பூமி எப்படிப்பட்டது என்பதை அந்த விழாவே சொல்லிவிடுகிறது. வாய்க்கால் பாய்ந்து நெல் விளைந்த வயலில் மண் கொட்டி உயர்த்தி மனையாக்கியிருந்தால், மேல்மண் இறுகித் தோன்றினாலும் அடியில் ஈரக் களி கிடக்கக்கூடும் என்பதால், மண் பரிசோதனை செய்யாமல் கடைக்கால் எடுக்காதீர்கள். கிராம வரைபடத்தில் வாய்க்கால் என்றோ பள்ளம் என்றோ குறித்த கோடு மனையைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். இப்போது அதில் தண்ணீரே வருவதில்லை என்று தரகர் சொல்வார். அது உண்மையாகவும் இருக்கலாம். நொய்யல் பிறக்கும் வெள்ளியங்கிரி மலையில் அடைமழை பிடித்த மறுநாள் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

கேள்வி: பட்டா விற்பவர் பெயரில் உள்ளது, வில்லங்கச் சான்றிலும் எதுவும் இல்லை. அப்படியும் அது கோயில் நிலமாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். பழைய ஊர்களில் நான் முதலில் கேட்பது பட்டாவை அன்று, ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாகக் குறித்த 'அ' பதிவேட்டையும், மூலப்பத்திரத்தையும்தான். 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பித்து எழுதிய யூ.டி.ஆர். கணக்கில் பெயர் மாறி ஏறிய நிலங்கள் உண்டு. நிலம் கோயிலுக்குரியதாக இருந்தால், 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, உரிய ஒப்புதலின்றி நடந்த விற்பனை செல்லாது. அதன்பின் எத்தனை கை மாறியிருந்தாலும், வீடே கட்டியிருந்தாலும், அந்தக் குறை நீங்காது.

கேள்வி: அங்கீகாரம் இல்லாத மனை, 2015இல் கிரயமானது. வாங்கலாமா?

பதில்: 20.10.2016 வரை பதிவான மனைகளுக்கு அரசு வரன்முறைத் திட்டம், அதாவது அங்கீகாரமில்லாத மனையை முறைப்படுத்தும் திட்டம், கொண்டுவந்தது. வரன்முறை ஆணையைக் காட்டினால் மேற்கொண்டு பேசுங்கள்; பிறகு வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம்.

கேள்வி: வயதான பெற்றோருடன் குடியேற, பேரூரை விடத் தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தோட்டம் நல்லதா?

பதில்: காற்றுக்கு நல்லதுதான். ஆனால் மலையடிவாரக் கிராமங்கள் பலவற்றில் ஹாகா எனப்படும் மலைப்பகுதிக் கட்டுப்பாடு உண்டு. யானை நடமாட்டமும் உண்டு. தோட்டத்துக்கு இட்டேரி (இருபுறமும் வேலியுள்ள குறுகிய மண்பாதை) மட்டுமே வழியென்றால், வழிப் பாத்தியம் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, இரவில் ஆம்புலன்ஸ் வீட்டு வாசல்வரை வருமா என்ற இரண்டையும் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.