மருந்து கலந்த தண்ணீர், வெயில், பாசி: உங்கள் கேள்விகள்

ஆன்டிபயாடிக் கலந்த நீரை ஒளி வினையூக்கியாலும் பாசியாலும் சுத்தம் செய்வது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். நிறையவே வந்திருக்கின்றன. நான் படித்தது நீர் வேதியியல், வீடு டெல்டாவில். தெரிந்தவரை சொல்கிறேன்.

கல்லூரி மாணவர், கும்பகோணம்: மேடம், ஒளி வினையூக்கி எப்படி வேலை செய்கிறது? கூடவே பாசி எதற்கு?

தம்பி, இதில் அதிகம் பேசப்படும் பொருள் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளைப் பொடி. அதன் மேல் ஒளி பட்டால் தண்ணீர் பிரிகிறது என்று 1972இல் ஃபுஜிஷிமா, ஹோண்டா என்ற இரண்டு ஜப்பானியர்கள் காட்டினார்கள். ஒளி பட்டதும் உள்ளே ஒரு எலக்ட்ரான் கிளம்பும், அது இருந்த இடம் காலியாகும். காலியிடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், எலக்ட்ரான் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். அதில் பிறக்கிற ஹைட்ராக்சில் துகள் எதிரில் வரும் மருந்து மூலக்கூறை உடைத்துப் போடும்.

சிக்கல் என்னவென்றால் இதற்குப் புற ஊதாக்கதிர் வேண்டும். வெயிலில் அது 5 விழுக்காட்டுக்குள்தான். அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியிலேயே வேலை செய்யும் கார்பன் நைட்ரைடு போன்றவற்றின் பக்கம் ஆய்வு திரும்பியிருக்கிறது.

சரி, பாசிக்கு வருவோம். உடைந்த மருந்து உடனே காற்றாகிப் போவதில்லை, துண்டுகளாகக் கிடக்கும். சில துண்டுகள் மூல மருந்தைவிட விஷம். குளோரெல்லா, செனடெஸ்மஸ் போன்ற பச்சைப் பாசிகளும் அவற்றோடு வாழும் பாக்டீரியாக்களும் அந்தத் துண்டுகளில் பலவற்றைத் தின்னும். அம்மோனியாவையும் பாஸ்பேட்டையும் பாசி எடுத்துக்கொள்ளும். அது விடும் ஆக்சிஜன் வினையூக்கிக்கும் உதவும். ஆனால் மருந்தை உடைக்கிற அதே துகள் பாசியையும் கொல்லும். எனவே இரண்டையும் தனித்தனித் தொட்டியில் வைக்க வேண்டும், அல்லது வினையூக்கியைக் கண்ணாடியிலோ பீங்கானிலோ ஒட்டிவைக்க வேண்டும்.

ஒன்றை மனதில் வையுங்கள்: சோதனையில் மருந்து தெரியவில்லை என்றால் அது அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

மீன் குட்டை வைத்திருப்பவர், மன்னார்குடி: பெயிண்ட் கடையில் கிடைக்கும் டைட்டானியம் பவுடரைக் குட்டையில் கொட்டலாமா?

வேண்டாம். பெயிண்டுக்கு வரும் பவுடர் பெரும்பாலும் ரூட்டைல் என்ற படிக வகை. வெயிலில் பெயிண்ட் உதிராமல் இருக்க, அந்த வினையே நடக்காதபடி மேலே அலுமினாவும் சிலிக்காவும் பூசியிருப்பார்கள். கலங்கல் தண்ணீரில் ஒளியும் உள்ளே இறங்காது.

குடும்பத் தலைவி, திருவாரூர்: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் மருந்து போய்விடுமா அக்கா?

கிருமி சாகும், மருந்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனாலும் கொதிக்க வையுங்கள். மருந்துக்கு அடங்காத கிருமியும் கொதிநீரில் செத்துவிடும்.

விவசாயி, திருத்துறைப்பூண்டி: இவ்வளவுக்கும் காரணம் இறால் பண்ணைகள்தானே? அதை ஏன் எழுத மாட்டேன் என்கிறீர்கள்?

இறால் பண்ணைக்காரர், வேதாரண்யம்: எங்களை மட்டும் சொல்வது நியாயமா? ஊர்ச் சாக்கடை எங்கே போகிறது?

இதைத் தொட்டு இன்னும் பலர் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பண்ணைக்கார அண்ணே, குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் போன்ற ஆன்டிபயாடிக்குகள் இறாலுக்குத் தடை செய்யப்பட்டவை என்பது உங்களுக்கே தெரியும். அதைவிட எனக்கு வயிறெரிவது வேறொன்று. வெள்ளைப்புள்ளி நோய் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் போட்டு ஒரு இறாலைக்கூடக் காப்பாற்ற முடியாது. காசும் போய், மருந்து வாய்க்காலில் இறங்குகிறது.

விவசாய அண்ணே, நீங்களும் கேளுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை விழுங்கினால் அதில் 40, 50 விழுக்காடு சிறுநீரில் மாறாமலே வெளியே வரும். காவிரியில் சென்னை ஐஐடி செய்த ஆய்வு 2021இல் வெளியானபோது, வலிநிவாரணிகளோடு இந்த சிப்ரோஃப்ளாக்சசினும் ஆற்று நீரில் கண்ட மருந்துகளின் பட்டியலில் இருந்தது. அது நம் வீடுகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வருவது. மாட்டுக்கும் கோழிக்கும் நாம் கொடுப்பதும் சேரும். கோலிஸ்டின் மனிதனுக்குக் கடைசி நேரத்தில் கொடுக்கிற மருந்து. அதைத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம், 2019இல்தான் நம் நாட்டில் தடை வந்தது.

இதில் வயலுக்கு ஒரு நஷ்டமும் உண்டு. நெல் வயலில் தழைச்சத்து சேர்க்கும் நீலப்பச்சைப்பாசி உண்மையில் பாக்டீரியா இனம். ஆன்டிபயாடிக் பச்சைப் பாசியைவிட அதைத்தான் சீக்கிரம் தாக்கும்.

இறால் பண்ணைக்காரர், மீண்டும்: அப்படியானால் பண்ணைக் கழிவுநீருக்கு வினையூக்கி வைத்தால் போதுமா?

உவர்நீரில் இது மந்தமாகிவிடும். குளோரைடும் பைகார்பனேட்டும் அந்த ஹைட்ராக்சில் துகளை மருந்துக்கு முன்னாலேயே பிடித்துக்கொள்ளும். முதலில் கழிவுநீரைத் தேக்கிச் சகதி படிய விடுங்கள், பிறகு பாசித் தொட்டி, தெளிந்த பிறகுதான் வினையூக்கி. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் களிமண்ணோடு ஒட்டிக்கொள்பவை, அதனால் அந்தச் சகதியை வயலுக்கு அடிக்காதீர்கள்.

மூன்று பேர், வெவ்வேறு ஊர்: டைட்டானியம் பவுடர் கிலோ என்ன விலை? ஏக்கருக்கு எவ்வளவு போடணும்?

மன்னார்குடிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். குளத்தில் எதையும் கொட்டாதீர்கள்.

இளைஞர், சீர்காழி: ஆகாயத்தாமரை இதைச் செய்யாதா?

அது பாசி இல்லை, என் துறையும் இல்லை. தாவரவியல்காரரைக் கேளுங்கள்.

ஆசிரியை, நாகப்பட்டினம்: எங்கள் ஊர்க் குளம் பச்சைப் பசேலென்று இருக்கிறது. அந்தப் பாசியே மருந்தை எடுத்துவிடும் அல்லவா?

கொஞ்சம் எடுக்கும் டீச்சர். ஆனால் குளம் அப்படிப் பச்சையாவது பெரும்பாலும் சாக்கடை கலப்பதால்தான். இரவில் அந்தப் பாசியே ஆக்சிஜனைக் குடிக்கும், விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். பாசி செத்து மண்ணில் படிந்தால் எடுத்த மருந்தும் திரும்ப இறங்கும். எனவே பாசியை அவ்வப்போது வடித்து எடுக்க வேண்டும். எடுத்ததைக் காய வைத்துக் கோழிக்கோ மாட்டுக்கோ போட்டுவிடாதீர்கள். சோதனையில் மருந்து தெரியவில்லை என்று யாராவது சொன்னாலும் போடாதீர்கள்.