‘ஆம்’ அழுத்துமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சுன்னாகத்திலிருந்து: எதைத் திறந்தாலும் திரை இருண்டு, மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா என்று விண்டோஸ் கேட்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி அதை நிறுத்திவிடலாம் என்கிறார். செய்யட்டுமா?

வேண்டாம். 2007இல் விண்டோஸ் விஸ்டா பதிப்போடு வந்த ஏற்பாடு இது. நீங்கள் அட்மினாக, அதாவது கணினியில் எதையும் மாற்றும் முழு உரிமையோடு நுழைந்திருந்தாலும், திறக்கும் மென்பொருளுக்கு விண்டோஸ் சாதாரண உரிமையைத்தான் கொடுக்கும். மென்பொருள்கள் இருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர் மாதிரியான பொது இடங்களில் அது கைவைக்க வேண்டிவந்தால் உங்களிடம் கேட்கும். திரை இருள்வதும் சும்மா இல்லை. அந்த நேரம் வேறொரு மென்பொருள் உங்களுக்குப் பதிலாக ‘ஆம்’ அழுத்த முடியாது.

பெட்டியில் வெளியீட்டாளர் பெயரைப் பாருங்கள். மஞ்சள் நிறம் வந்தால், யார் செய்த மென்பொருள் என்பதை விண்டோஸால் உறுதிப்படுத்த முடியவில்லை. அதற்காக அது வைரஸ் என்றில்லை, சிறிய நிறுவனங்களின் நல்ல மென்பொருளுக்கும் மஞ்சள் வரும். நீங்கள் ஒன்றையும் தொடாமல் பெட்டி வந்தால் யோசிக்காமல் ‘இல்லை’ அழுத்துங்கள். அப்டேட்டாக இருந்தால் பிறகு நீங்களே செய்துகொள்ளலாம்.

‘எதைத் திறந்தாலும்’ என்கிறீர்களே, அதுதான் உதைக்கிறது. பிரவுசரும் வேர்டும் திறக்கும்போது இந்தக் கேள்வி வரவே கூடாது. ஷார்ட்கட்டின் புரோப்பர்ட்டீஸில், கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில், அட்மினாக இயக்கு என்று யாரோ டிக் போட்டிருக்கக்கூடும். அதை எடுத்துவிடுங்கள்.

கொக்குவிலிலிருந்து: மகன் ஓ.எல். படிக்கிறான். கேம் என்று கண்டதையும் இறக்கிப் போடுகிறான்.

அவனுக்குத் தனியாக ஒரு சாதாரணக் கணக்கு போடுங்கள், அட்மின் வேண்டாம். பிறகு கணினி முழுவதையும் தொடும் எதைப் போடவும் உங்கள் கடவுச்சொல் வேண்டும். சில மென்பொருள்கள் அவனுடைய ஃபோல்டருக்குள் மட்டும், கேட்காமலே நிறுவிக்கொள்ளும். அதை இது தடுக்காது; ஆனால் சேதம் பெரும்பாலும் அவன் கணக்கோடு நிற்கும்.

நீங்களும் அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்குக்கு மாறுவது நல்லது. முதலில் இன்னோர் அட்மின் கணக்கு உருவாக்கி, அதில் நுழைய முடிகிறதா என்று பார்த்துவிட்டு உங்களுடையதை மாற்றுங்கள். கடவுச்சொல்லை கீபோர்டுக்கு அடியில் எழுதி ஒட்டினால், அம்மா சமையலறைக்குப் போகும்வரைதான் பாதுகாப்பு.

சாவகச்சேரியிலிருந்து: பாமினி எழுத்துரு போட அட்மின் கடவுச்சொல் கேட்கிறது. கணினி அண்ணாவுடையது, அவர் வெளிநாட்டில்.

எல்லாப் பயனருக்கும் நிறுவும் தெரிவை அழுத்தியிருப்பீர்கள். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து உங்கள் கணக்குக்கு மட்டும் போட அந்த உரிமை தேவையில்லை. வெறும் ‘இன்ஸ்டால்’ போதும்.

நல்லூரிலிருந்து: கள்ளப் பிரதி ஒன்றை நிறுவும்போது அன்டிவைரஸை நிறுத்தச் சொல்கிறது. நிறுத்தலாமா?

கூடாது. அதற்குப் பிறகு ‘ஆம்’ அழுத்தினால் முழுக் கணினியையும் கொடுத்த மாதிரித்தான். எழுத்து வேலைக்கு என்றால் லிப்ரே ஒஃபிஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

பருத்தித்துறையிலிருந்து: மைக்ரோசொஃப்டிலிருந்து என்று அழைத்தவருக்கு எனிடெஸ்க் (தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள்) வழியாக அனுமதி கொடுத்துவிட்டேன்.

மைக்ரோசொஃப்ட் அப்படித் தானாக அழைப்பதில்லை. உடனே இணையத்தைத் துண்டியுங்கள். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறு சாதனத்திலிருந்து மாற்றி, வங்கிக்கும் சொல்லுங்கள். முக்கியமான கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். எனிடெஸ்கை மட்டும் அழித்தால் போதாது.