பேட்டரி ஏன் செத்தது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 100 வாட் சோலார் பேனல், 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) லெட்-ஆசிட் பேட்டரி, சின்ன இன்வெர்ட்டர், ஐந்து பல்பு, ஒரு ஃபேன். இரண்டே வருடத்தில் பேட்டரி போய்விட்டது. அடுத்ததாக 200 ஏஎச் வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உங்கள் பேட்டரி பட்டினியால் செத்திருக்கிறது. 150 ஏஎச் பேட்டரிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 15 ஆம்பியர் ஏற வேண்டும். 100 வாட் பேனல் உச்சி வெயிலிலும் 5, 6 ஆம்பியர்தான் தரும். அரைகுறை சார்ஜிலேயே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. 200 ஏஎச் வைத்தாலும் இதே கதிதான்.

முதலில் மின்சாரச் செலவைக் குறையுங்கள். 9 வாட் எல்இடி ஐந்தும் தினம் 5 மணி நேரம் எரிந்தால் 225 வாட்-மணி. சாதாரண ஃபேன் 75 வாட். 10 மணி நேரத்துக்கு 750. குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட 28 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் 280தான். இன்வெர்ட்டரையும் மறக்காதீர்கள்: சும்மா ஆன் செய்து வைத்தாலே 15 வாட் இழுக்கிறது என்றால் நாளுக்கு 360. ஐந்து பல்பையும் மிஞ்சிவிட்டது பாருங்கள்! பல்பும் ஃபேனும் 12 வோல்ட் டிசியிலேயே (பேட்டரி நேரடியாகத் தரும் மின்சாரம்) கிடைக்கும், இன்வெர்ட்டரே வேண்டாம். அப்போது மொத்தம் 505. இழப்புக்குக் கால் பங்கு சேர்த்தால் ஏறக்குறைய 630 வாட்-மணி. இதற்கு 250 வாட் பேனலும் அதே 150 ஏஎச் பேட்டரியும் போதும். பேட்டரியை ஒரு மணி நேரமாவது லோடும் சார்ஜும் இல்லாமல் விட்டு மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வையுங்கள். 12.1 வோல்ட் காட்டினால் பாதி காலி. அதற்குக் கீழே இறக்காதீர்கள்.

கேள்வி: 30 மீட்டர் தள்ளியுள்ள வீட்டுக்கு அதே 12 வோல்ட் லைனை இழுத்தோம். அங்கே பல்பு மங்கலாக எரிகிறது. ஒயர் 1.5 சதுர மி.மீ. செம்பு, லோடு 60 வாட்.

பதில்: கரண்ட் போய்த் திரும்ப வேண்டும், ஆக 60 மீட்டர் ஒயர். அதன் மின்தடை சுமார் 0.73 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் 3.6 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 4 சதுர மி.மீ. ஒயர் போட்டாலும் 1.4 வோல்ட் போகும். கருவிகளோடு சேர்த்து 24 வோல்ட்டுக்கு மாறி, அந்த 4 சதுர மி.மீ. ஒயரையே போட்டால் கரண்ட் பாதியாகி இழப்பு 0.7 வோல்ட், அதாவது 3 சதவீதம்தான்.

கேள்வி: கூரையில் சின்னக் காற்றாலையும் வைக்கலாமா?

பதில்: காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும். கூரைக்கு மேல் வீசுவதோ சுழன்றடிக்கும் காற்று. அந்தப் பணத்தில் இன்னொரு பேனல் வாங்குங்கள்.