ஆத்தாவோட டமாக்சிபெனும் புதுசா வந்த மனசு மாத்திரையும்

காரைக்குடி பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "ஆத்தாவுக்கு 58 வயசு, மார்புல கேன்சர் ஆபரேஷன் முடிஞ்சு தினம் டமாக்சிபென் 20 மில்லிகிராம் சாப்பிடுறாங்க. ராத்திரி வேர்த்துக் கொட்டுது, மனசும் சரியில்லைன்னு வேற டாக்டர் பராக்ஸெட்டின் எழுதியிருக்காரு, சொந்தக்காரவுக மஞ்சள் கேப்சூல் வேற தந்திருக்காக. எல்லாத்தையும் சேர்த்துக் கொடுக்கலாமா?"

டமாக்சிபென்னும் பராக்ஸெட்டினும், இந்த ஜோடி வேண்டாம் தம்பி. அதுக்காக டாக்டர் எழுதினதுல நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க.

டமாக்சிபென் கொடுக்குற மார்பு கேன்சர்ல, ஈஸ்ட்ரோஜன்ங்கற பொம்பளை ஹார்மோன் செல்லுக்குள்ள போயி ரிசெப்டார்ங்கற அதுக்கான சீட்ல உக்காந்துச்சுன்னா சைக்ளின் டி1னு ஒரு புரோட்டீன் கூடும், செல்லு டிஎன்ஏவை காப்பி எடுத்து ரெண்டா பிரிய ஆரம்பிச்சிடும். டமாக்சிபென் பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி அந்த சீட்டைப் பிடிச்சுக்கும். ஆனா நாம முழுங்குற டமாக்சிபென்னுக்குப் பிடிமானம் கம்மி, கல்லீரல்ல சிஒய்பி2டி6னு ஒரு என்சைம் இருக்கு பாருங்க, அது வேலை செஞ்சு எண்டாக்சிபென்னா மாத்தினாத்தான் பிடி பல மடங்கு இறுகும். பராக்ஸெட்டின் அந்த என்சைமையே முடக்கிடும், ஃபுளுவாக்ஸெட்டின்ங்கற இன்னொரு மனசு மாத்திரையும் அப்படித்தான். மாத்திரை தினமும் உள்ள போகும், ரத்தத்துல எண்டாக்சிபென் குறையும், வெளிய ஒண்ணும் தெரியாது. இதனால நோய் திரும்புதாங்கறதுல ஆராய்ச்சிக எல்லாம் ஒத்துப்போகல, ஆனா வேற மாத்திரை இருக்கும்போது எதுக்கு ரிஸ்க்? வென்லாஃபாக்ஸின்ங்கற மனசு மாத்திரை இந்த என்சைமை அவ்வளவா தொந்தரவு பண்ணாது, வேர்க்கிறதுக்கும் கேக்கும், பிரஷர் இருந்தா மட்டும் சொல்லிடணும்.

பராக்ஸெட்டின் சில வாரமா ஓடுதுன்னா சட்டுனு விட்டா தலை சுத்தும், டாக்டர்தான் டோஸைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். ரெண்டு டாக்டர் எழுதின மருந்துச் சீட்டையும் கேன்சர் டாக்டர்கிட்ட ஒண்ணா காட்டுங்க.

குழம்புல போடுற மஞ்சள், மிளகுக்கெல்லாம் பயப்படாதீங்க, செட்டிநாட்டு வீட்டுல மிளகை நிறுத்தச் சொன்னா ஆத்தா நம்மளத்தான் வெளிய அனுப்புவாக! கேப்சூல் வேற கதை. 2019ல நெதர்லாந்துல மஞ்சள்ல இருக்குற குர்குமினை மிளகுச் சத்தோட பெரிய டோஸ்ல கொடுத்துப் பார்த்தப்ப எண்டாக்சிபென் சுமார் 12 சதவீதம் குறைஞ்சிருக்கு. அந்த டப்பாவ எடுத்து ஓரமா வச்சிடுங்க.

இன்னொண்ணு, மார்புல செல் பிரியறதைத் தடுக்குற இதே டமாக்சிபென் கர்ப்பப்பைக்குள்ள ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடந்துக்கும், உள் படலம் வளரும். மாதவிலக்கு நின்னவுகளுக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டர்கிட்ட போகணும், கெண்டைக்கால் வீங்கி வலிச்சாலோ மூச்சு வாங்கினாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி. ஆத்தா கூச்சப்பட்டு சொல்லாம இருந்துடுவாக, வீட்டுப் பொம்பளைகள விட்டு அப்பப்போ கேக்கச் சொல்லுங்க.