எண்ணெய் கெட்டியாக இருக்கிறதே, அப்புறம் எப்படி மிதக்கிறது?

வகுப்பில் தண்ணீரையும் எண்ணெயையும் வைத்து எந்தச் சோதனை செய்தால் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஏதாவது விளங்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாக அறிவியல் பாடம் எடுக்கிறேன். எனக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன்.

இரண்டையும் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி, "பாருங்கள், ஒட்டாது" என்று காட்டுவது எல்லோரும் செய்வதுதான். வீட்டிலேயே பார்த்த சங்கதி என்பதால் யாரும் அசர மாட்டார்கள். நான் ஒரு கேள்வியில் தொடங்குவேன்: "ஒரே அளவு எடுத்தால் எது கனம்?" பாதி வகுப்பு எண்ணெய்க்குக் கை தூக்கும். கெட்டியாக இருக்கிறது, மெதுவாக வழிகிறது, அப்படியானால் கனமாகத்தானே இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அடர்த்தியையும் (ஒரே அளவில் எவ்வளவு கனம்) பாகுநிலையையும் (எவ்வளவு மெதுவாக வழிகிறது) ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இந்த முடிச்சை அவிழ்க்காமல் வேறு எதைச் செய்து காட்டினாலும் வேடிக்கையாகத்தான் முடியும்.

சரி, தராசில் வைத்துவிட வேண்டியதுதான். 100 மி.லி. தண்ணீர் ஏறக்குறைய 100 கிராம். அதே அளவு சமையல் எண்ணெய் 92 கிராம் பக்கம்தான் நிற்கும். சாடியின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். ஒருமுறை நான் கழிக்காமல், எண்ணெய்க்கு மட்டும் கனமான சாடியை எடுத்துவிட்டு, எண்ணெய்தான் கனம் என்று 'நிரூபித்தேன்'. கடைசி பெஞ்சில் ஒரே கைதட்டல். பாகுநிலைக்கு இரண்டு காகிதக் கப்புகளின் அடியில் ஒரே அளவு துளை போட்டு ஒழுகவிட்டால் போதும். கனம் குறைந்த எண்ணெய்தான் பின்தங்கும்.

இனி எனக்குப் பிடித்தது. உணவு நிறமி கலந்த தண்ணீரை முந்தின நாளே ஐஸ் கட்டியாக்கிவிடுங்கள். உயரமான கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் தண்ணீர், அதன்மேல் நாலு விரல் உயரத்துக்கு எண்ணெய். மேலே ஐஸைப் போட்டால் எண்ணெயில் மிதக்கும். மட்டுமட்டாகத்தான். ஐஸின் அடர்த்தி மி.லி.க்கு 0.917 கிராம், எண்ணெய்களோ 0.91 முதல் 0.92 வரை. சில எண்ணெயில் அமிழ்ந்தே போகும் என்பதால் வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. உருக ஆரம்பித்ததும் கட்டியின் அடியில் ஒரு நிறத்துளி திரண்டு தொங்கும். அறுந்து, உருண்டையாக, அவசரமே இல்லாமல் எண்ணெய்க்குள் இறங்கும். நிறம் துளிகூட எண்ணெயில் கசியாது. கீழே தண்ணீரின் விளிம்பில் வந்து சற்று உட்கார்ந்திருக்கும். பிறகு பட்டென்று உடைந்து புகைபோல் தண்ணீரில் பரவும். அந்த நொடியில் வகுப்பே "ஓ!" என்னும்.

இப்போது கேளுங்கள்: அதே தண்ணீர் ஐஸாக இருந்தபோது மிதந்தது, உருகியதும் ஏன் மூழ்கியது? உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பருத்து அடர்த்தி குறைகிறது என்பதை அவர்களே பிடித்துவிடுவார்கள். "மூழ்குகிறதே, அப்படியானால் ஏன் இவ்வளவு மெதுவாக?" என்று அடுத்து கேட்டால் பாகுநிலையும் வந்துவிடும்.

பெரிய வகுப்பு என்றால் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினையும் இழுப்பேன். லண்டனில் ஒரு குளத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெயை விட்டார். அரை ஏக்கர் அளவுக்குப் பரவி அலை அடங்கியது என்று 1774இல் வெளியான கடிதத்தில் எழுதினார். 5 மி.லி.யை சுமார் 2000 சதுர மீட்டரால் வகுக்கச் சொல்லுங்கள். எண்ணெய்ப் படலத்தின் தடிமன் 2.5 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) என்று வரும், அதாவது ஏறக்குறைய ஒரு எண்ணெய் மூலக்கூறின் நீளம். கரும்பலகையில் அந்த விடை விழும்போது நம்பாமல் மறுபடி போட்டுப் பார்ப்பார்கள்.

எண்ணெயைச் சூடாக்கும் எந்தச் சோதனையும் வகுப்பில் வேண்டாம். கொதிக்கும் எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் ஆபத்து.

முடிந்ததும் எண்ணெயைத் தொட்டியில் கொட்டாமல் ஒரு பாட்டிலில் சேர்த்து வைத்துவிட்டு, டம்ளர்களை முதலில் வெறும் தண்ணீரில் கழுவச் சொல்வேன். தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சார், போகவே மாட்டேங்குது" என்று வருவார்கள். அப்போதுதான் சோப்பை எடுத்துக் கொடுப்பேன். அடுத்த பாடம் அது.